மெல்லிய கம்பியும் பத்து நம்பர் ராடும்

பட்டறைக்கு வேலை கொண்டுவருகிறவர்கள் சொல்லும் ஒரு பேச்சு என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. "சின்ன வேலைதானே, பையன்கிட்ட குடுத்தாப் போதும்." வீட்டுக்கு கேட் செய்ய வருகிறவர் அளவெடுத்து, படம் வரைந்து, முன்பணம் பேசி, மேஸ்திரி தம் கையாலேயே செய்துதர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போவார். அவரே இன்னொரு நாள் ரப்பர் பால் வாளியின் கழன்ற காதையோ, ஸ்கூட்டர் சைலன்சரின் மேல்தகட்டையோ கொண்டுவந்தால், மேஸ்திரி இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் வாசலில் நிற்கும் புதுப் பையனிடம் நீட்டுவார். மேஸ்திரியும் தலையை ஆட்டுவார். பெரிய இரும்பு தேர்ந்த கைக்கு, சின்ன இரும்பு தேராத கைக்கு என்கிற இந்தப் பங்கீடு சரிதானா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து கருங்கல் போகும் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் வாரக் கடைசிகளில் வெல்டிங் கற்றுவருகிறேன். மற்ற நாட்களில் அலுவலக நாற்காலி. வயது காரணமாக என்னை யாரும் பையன் என்று கூப்பிடுவதில்லை என்றாலும், பையனுக்குத் தள்ளிவிடப்படும் வேலைகள்தாம் என் பங்குக்கும் வருகின்றன. அதனால் இந்தப் பங்கீட்டைக் கீழிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு நன்றாகவே கிடைத்திருக்கிறது. ஊருக்கு நடுவே நிற்கிற இரும்பு மேம்பாலத்தின் அடியில் போகும்போது வெல்டிங் கற்கிறவன் எவனும் ஒருமுறை அண்ணாந்து பார்க்காமல் போகமாட்டான். அத்தனை தடித்த தகடுகளைச் சேர்த்தவர்கள்மேல் வரும் மதிப்பு நியாயமானதே. அதில் கால் பங்காவது, ஒரு மில்லிமீட்டர் தகட்டில் ஓட்டை விழாமல் கோடு இழுக்கிறவனுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதுதான் என் வழக்கு.

சூடு ஒதுங்க இடமில்லை

சாதா இரும்பு ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில் உருகும். ஆறு மில்லிமீட்டர் பிளேட்டில் வெல்டிங் ராடைத் தட்டி ஆர்க்கை, அதாவது இரும்பை உருக்கும் மின்பொறியை, பிடித்தால், உருகிய குழம்பின் அடியிலும் சுற்றிலும் குளிர்ந்த இரும்பு நிறைய இருக்கிறது. அது சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கை சற்றுத் தாமதித்தால் குழம்பு கொஞ்சம் அகலமாகும், தையல் கொஞ்சம் அசிங்கமாகும், அதற்கு மேல் கேடில்லை. 1.2 மில்லிமீட்டர் தகட்டில், அதாவது பட்டறைக் கணக்கில் பதினெட்டு கேஜில், குழம்புக்கு அடியில் இருப்பது வெறும் காற்று. சூடு பக்கவாட்டில்தான் ஓட முடியும். அந்த வழியும் மெல்லியது. தகட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டால் ஒரு பக்க வழியும் அடைபட்டுப்போகிறது. ஆகவேதான் ஓட்டை பெரும்பாலும் நடுவில் விழாமல் ஓரத்தில் தொடங்கி உள்ளே தின்றுகொண்டு போகிறது. சிவந்த நிலைக்கும் ஓட்டைக்கும் இடையே ஒரு நொடிகூட இருப்பதில்லை. அந்த ஒரு நொடிக்குள் பார்த்து, புரிந்து, கையை விலக்க வேண்டியவன் யார் என்றால், பட்டறையிலேயே மிகக் குறைவாக ஆர்க்கைப் பார்த்திருக்கிற ஆள்.

பொருள் சின்னதாகவும் இருந்துவிட்டால் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. பெரிய தகட்டில் ஒரு புள்ளி வைத்து நிறுத்தினால் சூடு பரவித் தணியும். விரல் நீளத் துண்டில் அது பரவ இடமேது? முதல் புள்ளிக்கு நன்றாக வேலை செய்த ஆம்பியர், அதாவது மின்னோட்ட அளவு, மூன்றாவது புள்ளிக்கு அதிகமாகிவிடுகிறது; எந்திரத்தில் எதையும் மாற்றவில்லையே என்று பையன் திகைத்து நிற்பான். மாறியது எந்திரம் அல்ல, துண்டு முழுவதும் ஏற்கெனவே சூடேறியிருக்கிறது. ஒரு புள்ளி வைத்துவிட்டு, கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறும்வரை காத்திருந்து அடுத்ததை வைப்பதும், அடுத்தடுத்து வைக்காமல் எதிர் முனையில் மாற்றி வைப்பதும்தான் இதற்கு வழி. காத்திருப்பதற்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளர் எங்கள் பக்கத்தில் அரிது.

ராடு விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்த பட்டறைகளில் எது வந்தாலும் பத்து நம்பர் ராடுதான். அது 3.15 மில்லிமீட்டர் கனம். ஒழுங்காக எரிய ஏறக்குறைய 90 முதல் 130 ஆம்பியர் கேட்கும். தகட்டு வேலைக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 40 ஆம்பியர் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதன்படி பதினெட்டு கேஜ் தகட்டுக்கு 50 ஆம்பியர் போதும். அந்த 50 ஆம்பியரில் பத்து நம்பர் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டு இழுபடுமே தவிர எரியாது. எரிகிற அளவுக்கு ஏற்றினால் தகடு போய்விடும். பன்னிரண்டு நம்பர், அதாவது 2.5 மில்லிமீட்டர் ராடு, 60 ஆம்பியரை ஒட்டி ஓரளவுக்குப் பணியும். 2 மில்லிமீட்டர் ராடு கிடைத்தால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டர் எந்திரமாக இருந்தால் ராடைப் பிடிக்கும் ஹோல்டரை மைனஸிலும் எர்த்தை பிளஸிலும் மாற்றி மாட்டலாம். 6013 ரக ராடு அப்போது தகட்டுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்காது. தகட்டின் அடியில் ஒரு செப்புப் பட்டையை அண்டக்கொடுத்தால் இன்னும் பாதி கவலை தீரும். செம்பு இரும்பைப் போல ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், உருகிய இரும்பும் அதில் லேசில் பற்றாது. முகமூடிக் கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 120 ஆம்பியருக்கு வாங்கிய பதினொன்றாம் நம்பர் கறுப்புக் கண்ணாடி வழியே 50 ஆம்பியர் குழம்பைப் பார்ப்பதும் கண்ணை மூடிக்கொள்வதும் ஏறக்குறைய ஒன்று. ஒன்பதாம் நம்பருக்கு இறங்கினால்தான் குழம்பின் விளிம்பு தெரியும்.

இவ்வளவையும் யாராவது பையனுக்குச் சொல்லித்தந்துவிட்டா வாளிக் காதைக் கையில் கொடுக்கிறார்கள்? இல்லை. மேஸ்திரி காலையில் கேட்டுக்கு வைத்த ஆம்பியர் அப்படியே இருக்கும், ஹோல்டரில் மிச்சமிருக்கும் பத்து நம்பர் ராடும் அப்படியே இருக்கும், "பையப் பாத்து அடி மக்ளே" என்ற ஒரே ஒரு பாடத்தோடு அவன் அனுப்பப்படுவான். அந்த வாளி துத்தநாகம் பூசிய தகடாக இருந்துவிட்டால் அவனுக்கு இரட்டைத் தண்டனை. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகும் முன்பே வெள்ளைப் புகை எழும்பும். அதை மூடிய இடத்தில் சுவாசித்தவனுக்கு அன்று இரவு குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. பூச்சு எரிந்துபோன இடம் துருவுக்குத் திறந்துவிட்ட கதவாகும் என்பதை, குளச்சல், முட்டம் பக்கத்துக் கடலோர வீடுகளில் கிரில்களின் மூட்டுகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கம்பி நன்றாக இருக்கும், இணைப்பு மட்டும் செம்மண் நிறத்தில் உதிரும்.

தேன் எடுக்கும் கூடை

என் எண்ணம் ஒரு வழக்காகத் திரண்டது, அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான பாட்டா, தேன் அடையைச் சுழற்றித் தேன் எடுக்கும் எந்திரத்தின் உள்கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்குத்தான். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விட்டு, தளிர்க் காம்பில் தேன் சுரக்கும் காலம் அது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எங்கள் மாவட்டத்துத் தேனீக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பெட்டிகளும் எந்திரமும் ஜீப்பிலும் ஆட்டோவிலும் ஏறித் தோட்டம் தோட்டமாகக் குலுங்கிப் போகும். அந்தக் குலுக்கலில் கூடையின் சில மூட்டுகள் விட்டுப்போயிருந்தன. 2.5 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், அதே எஃகில் ஒரு பட்டை வளையம். இரண்டையும் சேர்க்கிற மூட்டுகள். அவர் முதலில் வேறோர் இடத்தில் கொடுத்துச் சரிசெய்திருந்தார். சரிசெய்ததுதான் இப்போது சிக்கலாகியிருந்தது.

மேஜைமேல் கூடையை வைத்துவிட்டு அவர் மேஸ்திரியிடம் பேசவில்லை. பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக் கம்பியின்மேல் வைத்தார். "விரலை ஓட்டிப் பாருங்க தம்பி. கீறுதா? இதுல அடையை வச்சுச் சுத்தினா அடை என்ன ஆகும்?" மூட்டுக்கு மூட்டு நிலக்கடலை அளவில் உருண்டைகள் நின்றன, அவற்றைச் சுற்றிக் கம்பி முழுவதும் தெறித்த பொடிப்பொடியான மணிகள். ஓர் இடத்தில் கம்பி பாதி தின்னப்பட்டு ஊசிபோல மெலிந்திருந்தது. தேனைப் பிரித்த பிறகு அடையை உடையாமல் திருப்பிப் பெட்டியில் வைத்தால்தான் தேனீக்கள் மறுபடி மெழுகு கட்டும் வேலையில்லாமல் உடனே நிரப்பத் தொடங்கும். நம் ஊர் இந்தியத் தேனீயின் புது அடை அத்தனை மென்மையானது. உருண்டைகளின் எடை ஒரு பக்கமாக இருந்ததால், கைப்பிடியைச் சுற்றும்போது டிரம் முழுவதும் ஆடியது என்றும் சொன்னார். "எங்க குடுத்தீங்க பாட்டா?" என்று மேஸ்திரி கேட்டதற்கு, "அது எதுக்கு? சின்ன வேலைதானேன்னு பையன் அடிச்சுத் தந்தான்" என்றார்.

அந்தப் பையனை நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் என்ன செய்திருப்பான் என்பது அந்தக் கூடையில் எழுதியே இருந்தது. பட்டை தடித்தது, கம்பி மெல்லியது. ஆர்க்கைப் பட்டையில் பிடித்து, குழம்பு தானாகக் கம்பியின்மேல் ஏறும்படி விட்டிருக்க வேண்டும். ஒட்ட வேண்டியது கம்பிதானே என்று அவன் கம்பியைப் பார்த்துப் பிடித்திருக்கிறான். கம்பி உருகி ஓடியதும், ஓடியதை ஈடுகட்ட மேலும் ராடை ஊற்றியிருக்கிறான். அவனுக்கு யார் சொல்லித்தந்தார்கள் என்று கேட்டால் அவன்மேல் கோபம் வராது.

எங்கள் மேஸ்திரி கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ராடு வச்சு அடிக்கப்பிடாது பாட்டா. கேஸ்ல பிரேசிங் வச்சுத் தாறேன்" என்றார். கம்பியை உருக்காமல், அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் ராடை மூட்டில் ஓடவிட்டு ஒட்டுவது பிரேசிங். பட்டறை இளைஞர்களிடையே ஒரு சிரிப்பு ஓடியது. கேஸ் டார்ச் எங்களிடம் இருப்பது துருவேறிய போல்ட்டைச் சூடுபடுத்தவும் பழைய இரும்பை அறுக்கவும்தான். அதை வைத்து ஒட்டுவது, ஆர்க் பிடிக்கத் தெரியாத காலத்து வேலை என்பது அவர்கள் எண்ணம். கொஞ்ச காலம் முன்புவரை என் எண்ணமும் ஏறக்குறைய அதுதான். இரும்பை உருக்கி ஒன்றாக்குவதே இணைப்பு, மற்றதெல்லாம் ஒட்டு என்று எங்களுக்குள் ஒரு சாதிப் படிநிலை இருக்கிறது. மேஸ்திரி தொழில் பழகியது சைக்கிள் பட்டறையில். மெல்லிய குழாய்களை மூட்டுக்குள் செருகிப் பித்தளை ராடு ஓட்டி வளர்ந்த கை அவருடையது.

உருகாமல் சேர்வது

பக்கத்துக் கடை ஃபிரிட்ஜ் மெக்கானிக் தம்மிடம் இருந்த ராடைக் கொண்டுவந்து நீட்டினார். மேஸ்திரி அதை வாங்கவில்லை. செம்புக் குழாய்களைச் சேர்க்கிற அந்த ராடில் பாஸ்பரஸ் கலந்திருக்கிறது. செம்போடு செம்புக்கு அதைவிட வசதியானது கிடையாது, உலோகப் பரப்பைச் சுத்தமாக்கும் ஃபிளக்ஸ்கூட வேண்டாம். இரும்பிலோ எஃகிலோ வைத்தால் பாஸ்பரஸ் இரும்போடு கூடி நொறுங்கும் படலத்தை உண்டாக்கிவிடும். பார்வைக்கு அழகாகப் பிடித்திருக்கும், ஒரு குலுக்கலில் பட்டென்று விடும். ஜீப்பில் குலுங்கப்போகிற கூடைக்கு அது ஆகாது. சாதாரண ஈயப் பற்றும் ஆகாது. தேன் புளிப்புத்தன்மை உள்ளது, அமில அளவு (pH) சுமார் 4. அதில் ஈயம் கரைந்து இறங்கும், உண்கிற பொருளில் அதை அனுமதிக்க முடியாது. வெள்ளி ராடுகளிலும் நச்சான காட்மியம் கலந்தவை உண்டு, அவையும் இதற்கு விலக்கு. ஆகவே 56 சதவீதம் வெள்ளியும் மீதி செம்பு, துத்தநாகம், கொஞ்சம் வெள்ளீயமும் உள்ள ராடைத் தனியே வாங்கி வரச் சொன்னார். அது 620 முதல் 650 டிகிரிக்குள் உருகி ஓடிவிடும். கூடையின் எஃகு உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரம்தான் அந்த வேலையின் முழு ரகசியம். ராடு ஓடி முடிந்து வெகுநேரம் கழிந்தாலும் கம்பிக்கு ஆபத்து நெருங்காது.

உருண்டைகளைத் தேய்த்து எடுக்கவே பெரும்பொழுது போனது. மெலிந்த கம்பியை வெட்டிப் புதிதாகச் செருகினார்கள். கம்பி முனைகளை நேராக முட்டவைக்காமல், லேசாகத் தட்டையாக்கிப் பட்டையின்மேல் சாய்த்துப் படியவைத்தார் மேஸ்திரி. மெல்லிய பாகத்தின் கனத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால், பலம் அந்தப் பரப்பிலிருந்து வருமே தவிர மேலே குவிக்கிற உலோகத்திலிருந்து வராது. இடைவெளி ஒரு தாளின் கனத்துக்கு மேல் போகக்கூடாது. அந்தக் குறுகிய சந்தில்தான் உருகிய வெள்ளி தானாக இழுபட்டு ஏறும். எமரி தாளால் தேய்த்து, கையெண்ணெய் படாமல் துணியால் துடைத்து, மெல்லிய கம்பியால் கட்டி நிறுத்தி, வெள்ளைப் பசையாக ஃபிளக்ஸைத் தடவினார்.

பிறகு நடந்ததை நான் கிட்டே குனிந்து பார்த்தேன். ஆர்க்குக்குரிய கறுப்புக் கண்ணாடி தேவையில்லாத வெளிச்சம் என்பதால் அதைப் பார்க்க முடிந்தது என்பதே முதல் வியப்பு. சுடரைக் கம்பியில் காட்டவே இல்லை. பட்டையின் அடிப்பக்கத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தார். ஃபிளக்ஸில் இருந்த நீர் முதலில் கொதித்து வெளுத்துப் பொங்கியது, பிறகு அடங்கி உலர்ந்த மேலோடாகியது, பிறகு சட்டென்று தண்ணீர்போலத் தெளிந்து மூட்டைச் சுற்றிப் படர்ந்து மின்னியது. அப்படித் தெளிகிற இடம் ஏறக்குறைய 600 டிகிரி. வெப்பமானி இல்லாத பட்டறையில் அதுவே வெப்பமானி. அப்போதுதான் ராடின் நுனியை, சுடரில் காட்டாமல், மூட்டின் ஒரு பக்கம் தொட்டார். நுனி மறைந்தது. அடுத்த கணம் மறுபக்கத்தில், ராடு தொடாத பக்கத்தில், மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று சந்தை நிரப்பிக்கொண்டு எட்டிப்பார்த்தது. உடனே சுடரை விலக்கிவிட்டார். சிரித்த இளைஞர்களில் ஒருவன் அடுத்த மூட்டுக்குத் தானே வந்து கூடையைத் திருப்பிப் பிடித்தான்.

இதைப் பார்த்த பிறகு, ஒட்டு வேலை கீழ், உருக்கு வேலை மேல் என்ற எண்ணத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. மெல்லிய பொருள் வந்தால் ஆம்பியர் எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. இந்த உலோகம் உருகத்தான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. அதற்காக எல்லாவற்றுக்கும் வெள்ளி ராடு என்று நான் வாதிடவில்லை. அதே எந்திரத்தின் டிரம் தையல் விட்டிருந்தால், அது ஆர்கான் வாயு சூழ டங்ஸ்டன் முனையால் ஆர்க் பிடிக்கும் டிக் வெல்டிங்கில் உருகியே சேர வேண்டியது. எங்கள் பட்டறையில் அந்த எந்திரம் இல்லை, உள்ள இடத்துக்கு அனுப்பியிருப்போம். நல்ல டிக் கை இருந்தால் இந்தக் கூடையையும் அதில் செய்திருக்கலாம். வெள்ளிப் பற்று வைத்த துருப்பிடிக்காத எஃகு எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால், பற்றும் எஃகும் சந்திக்கிற விளிம்பில் அரிப்பு தொடங்கக்கூடும். ஆகவே மிச்ச ஃபிளக்ஸ் முழுவதையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவிக் கொடுத்ததோடு, ஒவ்வொரு முறையும் கழுவியதும் துடைத்துக் காயவைக்க வேண்டும் என்று மேஸ்திரி பாட்டாவிடம் சொல்லி அனுப்பினார். பாட்டா மறுபடி விரலை ஓட்டிப் பார்த்து, "கொள்ளாம்" என்றார்; கேட்ட கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர், குடைக் கம்பி கனத்தில் ஒரு சின்னக் கூடைக்கு இவ்வளவா என்று எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

யாரிடம் எதைக் கொடுப்பது

மேஸ்திரியோடு எனக்குத் தீராத வழக்கு இதில்தான். கற்கிறவனுக்கு முதலில் ஆறு மில்லிமீட்டர் பிளேட்டைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதில் ஆர்க்கின் நீளத்தையும், குழம்பின் உருவத்தையும், கசடுக்கும் உலோகத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அவன் ஆற அமரப் பார்க்கலாம். தப்பினால் பிளேட் பொறுத்துக்கொள்ளும். பிறகு மூன்று மில்லிமீட்டர். கடைசியாகத்தான் பதினெட்டு கேஜ் குழாயும் கம்பியும். எங்கள் பட்டறைகளில் நடப்பது நேர்த் தலைகீழ்: மெல்லிய சதுரக் குழாயின் வெட்டுத் துண்டுகள் காலடியில் இலவசமாகக் கிடக்கின்றன, ஆகையால் பயிற்சி அவற்றில் தொடங்குகிறது, ஓட்டைமேல் ஓட்டையாக விழுந்து, தனக்கு இந்தத் தொழில் வராது என்று சிலர் அந்த மாதத்திலேயே போய்விடுகிறார்கள்.

மேஸ்திரி இதற்குச் சொல்லும் பதில் கணக்கில் தவறில்லாதது. "பிளேட்டுக்குக் காசு யாரு தருவா? வாளிக் காது போனா புது வாளி வாங்கிக் குடுத்துரலாம், பிளேட்டு போனா என்ன செய்ய?" போகிற இரும்பின் விலையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதே சரி. பாட்டாவுக்குச் சீசன் நடுவே எந்திரமில்லாமல் போன நாட்களையும், தேனோடு சிதைந்த அடைகளையும் யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டால், அது வேற பட்டறைக்காரன் கணக்கு என்று சிரிப்பார். ஆனாலும் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. பன்னிரண்டு நம்பரும் 2 மில்லிமீட்டரும் இப்போது எந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய மோட்டாரிலிருந்து எடுத்த செப்புப் பட்டை ஒன்று சுவரில் தொங்குகிறது. மெல்லிய வேலை வந்தால் ஆம்பியரை அவரே வந்து வைத்துவிட்டுப் போகிறார்.

பிளேட்டை நானே வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டேன். பழைய இரும்புக் கடையில் ஆறு மில்லிமீட்டர் துண்டுகளை எடைக்கு வாங்கி வந்து புதுப் பையனுக்காக ஒரு பெட்டியில் போட்டுவைக்கிறேன். மேஸ்திரி அவற்றில் நல்லதாகப் பார்த்து கேட் கீல்களுக்கு எடுத்துக்கொண்டுவிடுகிறார். இனி கீலுக்குப் போதாத அளவில் பொறுக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன்.